யார் அனுப்பிய ஆள்?

தோழர்களே! கூலியில் ஐந்து காசு கூட்டிக் கேட்ட தொழிலாளிக்குத் துரைமார் என்றாவது கணக்குப் போட்டுப் பதில் சொன்னதுண்டா? "உன்னை ஏவிவிட்டவன் யார்?" என்பதுதான் பிரட்டுக்களத்தில் முதலில் கேட்கும் குரல். அந்த ஒரு கேள்வியில் கூலி மறைந்துவிடும். கேட்டவன் சதிகாரனாகி நிற்பான்.

1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் கேட்டது என்ன? சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே, கொடுமை செய்யும் கிராணி, கங்காணிகளை மாற்று. (கிராணித் தோழர்கள் கோபிக்க வேண்டாம், அன்றைய கதை!) சைக்கிளை விட்டு இறங்கி நின்றவனுக்கு அந்த அவமானத்தை வெளியூர்க்காரன் வந்து விளக்க வேண்டுமா? ஆனால் சர்க்கார் சொன்னதோ, பிரிட்டிஷ் ஆட்சிக்கு விரோதமான தூண்டுதல் என்று. சங்கத் தலைவர் ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். வேலைநிறுத்தம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர்.

1948இல் அதே நாடகம், பெரிய மேடையில். ஜூன் தொடக்கத்தில் நம் ஜொகூரிலே, சிகாமட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், போலீஸ் தடியடியில் ஏழு தொழிலாளர்கள் செத்தனர். அந்த நாட்களிலேயே சட்டம் திருத்தப்பட்டது: ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்களே ஒன்றுசேரலாம், அத்தொழிலில் மூன்றாண்டு அனுபவம் இல்லாதவன் நிர்வாகியாகக் கூடாது. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் பதிவை இழந்தது. ஜூன் 16இல்தான் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைமார் கொல்லப்பட்டனர். தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். சங்கத்தை முடக்கியது முன்பு, கொலை பின்பு, அவசரகாலம் அதற்கும் பின்பு.

எல்லாம் மாஸ்கோவின் உத்தரவு, பிப்ரவரியில் கல்கத்தா மாநாட்டில் கைமாறியது என்றார்கள். அப்படி ஓர் உத்தரவுக்குச் சான்று இல்லை என்றே பிற்காலத்தில் ஆவணங்களைத் துருவிய சரித்திர ஆசிரியர் பலர் எழுதினர். அதே 1948இல், கம்யூனிச எதிர்ப்புச் செய்திகளை ரகசியமாகப் பரப்ப லண்டன் வெளிநாட்டு அமைச்சு ஒரு தனி இலாகாவே வைத்தது. 1977இல் அது மூடப்பட்ட பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது!

சம்மேளனத்தில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள், மெய்தான். கட்சி ஆயுதப் போருக்கு ஆயத்தமானதும் மெய். பாதி மெய்யில்லாத சதிக்கதை விலைபோகாது. அந்தப் பாதியைக் காட்டித்தான் சந்தா கட்டிய பால்வெட்டுத் தொழிலாளி ஒவ்வொருவனையும் மிரட்டினார்கள். சம்மேளனத் தலைவர் கணபதியை, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, 1949 மே 4இல் தூக்கிலிட்டார்கள். நேரு சர்க்கார் மன்றாடியும் கேட்கவில்லை.

வெள்ளைக்காரன் போனான்; கதை போகவில்லை. 2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் நம்மவர்கள் திரண்டார்கள். அடுத்த மாதமே, ஹிண்ட்ராஃபுக்குப் புலிகளோடு தொடர்பு என்றார்கள் அதிகாரிகள். தலைவர் ஐவரை விசாரணையின்றி அடைத்தார்கள், 2009க்குள் விடுவித்தார்கள். புலித் தொடர்பை எந்த நீதிமன்றத்திலும் மெய்ப்பிக்கவில்லை.

மாற்றானை ஏசுவது சுலபம். நம் கிளைக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து சந்தாக் கணக்கைக் கேட்டால், "இவன் நிர்வாகத்தின் ஆள்!" என்று ஒரு குரல் கிளம்புகிறதே, அது யாரிடம் கற்ற பாடம்? அவன் யாருடைய ஆளாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். கணக்குப் புத்தகத்தை மேசைமேல் வையுங்கள்.