‘இது சரியில்லை’ என்று சொல்லத் துணியுங்கள்

2015ஆம் ஆண்டு மே மாதத்திற்கும் 2018ஆம் ஆண்டு ஜூலைத் தொடக்கத்திற்கும் இடையே உங்கள் வீட்டில் யாராவது சிங்ஹெல்த் குழுமத்தின் பலதுறை மருந்தகத்திற்கோ சிறப்பு வெளிநோயாளி மருந்தகத்திற்கோ சென்றார்களா? அப்படியானால் அவர்களுடைய பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவை முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போயிருக்கலாம். அந்த இணையத் தாக்குதலில் ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் ஏறத்தாழ 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் பட்டியலும் சேர்ந்தே போனது. அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங்கின் விவரங்கள் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தேடப்பட்டன.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாக்கியவர்களின் சாமர்த்தியத்தைப் பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதன் நாள்வரிசை. ஊடுருவியவர்கள் 2017 ஆகஸ்ட் வாக்கிலேயே ஒரு கணினிக்குள் நுழைந்துவிட்டார்கள். பல மாதங்கள் சத்தமில்லாமல் உள்ளே உலவினார்கள். 2018 ஜூன் மாதத்தில் தரவுத்தளத்திற்குள் நுழையச் செய்யப்பட்ட தவறான முயற்சிகளை ஊழியர்கள் சிலர் கண்டார்கள். ஜூன் 27ஆம் தேதி முதல் தகவல்கள் வெளியே போகத் தொடங்கின. ஜூலை 4ஆம் தேதி தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்திற்கு மாறான தேடல்களைக் கவனித்துத் தடுத்தார். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்புக்குத் தகவல் போனதோ ஜூலை 10ஆம் தேதிதான்.

2019 ஜனவரியில் வெளியான விசாரணைக் குழுவின் அறிக்கை, விழிப்புடன் செயல்பட்ட ஊழியர்களைப் பாராட்டியது. ஆனால் முக்கியப் பொறுப்பில் இருந்த சிலர் உரிய நேரத்தில் செயல்படவில்லை என்றும் சொன்னது. மேலிடத்திற்குத் தெரிவித்தால் தன்மீதும் தன் குழுவின்மீதும் நெருக்கடி கூடுமே என்ற தயக்கமும் அதற்கு ஒரு காரணமாக இருந்தது. அதே மாதம் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையம் இரண்டு அமைப்புகளுக்கும் சேர்த்து ஒரு மில்லியன் வெள்ளி அபராதம் விதித்தது.

கண்ணில் பட்டது, வாயில் வரவில்லை. என் கருத்தில், அந்தத் தாக்குதல் நமக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் இதுதான். இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்ய ஆசைப்படும் உங்களில் பலர் ‘ஹேக்கிங்’ கற்றுக்கொள்வதே முதல் படி என்று நினைக்கிறீர்கள். நான் வேறொரு வாசலைக் காட்ட விரும்புகிறேன். அதன் பெயர் ‘திரெட் ஹன்டிங்’. தமிழில் அச்சுறுத்தல் வேட்டை எனலாம். உங்கள் முதல் வேலைப் பயிற்சியை அந்தப் பிரிவில் செய்ய வாய்ப்புக் கிடைத்தால், தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேட்டை என்றால் என்ன?

பெரும்பாலான பாதுகாப்புக் கருவிகள் காவலாளியைப் போன்றவை. தெரிந்த திருடனின் முகம் வாசலில் தென்பட்டால் மணி அடிக்கும். முகம் தெரியாத திருடன் ஊழியரின் அட்டையோடு உள்ளே வந்தால் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டாலும் ‘ஒருவன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறான்’ என்று வைத்துக்கொண்டு தேடுவதுதான் வேட்டை.

இது கண்டபடி தேடுவது அன்று. உங்கள் அறிவியல் பாடத்தில் வரும் கருதுகோள் இங்கும் உண்டு. ஒரு நிறுவனத்தில் 2,000 கணினிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ஊடுருவியவன் ஒரு கணினியில் மென்பொருள் ஒன்றை ஒளித்துவைத்திருந்தால், அது தன் முதலாளியுடன் அவ்வப்போது பேச வேண்டும்’ என்பது நமது கருதுகோள். அப்படியானால் எதைத் தேட வேண்டும்? மனிதர்கள் இணையத்தை ஒழுங்கில்லாமல் பயன்படுத்துவார்கள். சாப்பிடப் போவார்கள், கூட்டத்திற்குப் போவார்கள். ஒரு கணினி இரவு பகல் பாராமல் ஒவ்வொரு 60 விநாடிக்கும் ஒரே முகவரியைத் தொடர்புகொண்டால், அதைச் செய்வது மனிதர் இல்லை. அது பாதிப்பில்லாத மென்பொருளாகவும் இருக்கலாம். எதுவென்று விசாரிக்க வேண்டும்.

இன்னொரு வழி எண்ணிப் பார்ப்பது. 2,000 கணினிகளில் ஓடும் எல்லா மென்பொருள்களையும் பட்டியலிடுங்கள். 1,990 கணினிகளில் ஓடுவதை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கணினியில் மட்டும் ஓடுவது எது? அது ஏன் கணக்குப் பிரிவு ஊழியரின் கணினியில் அதிகாலை 3 மணிக்கு ஓடியது? அங்கிருந்து வேட்டை தொடங்குகிறது.

பல நாள்கள் ஒன்றும் கிடைக்காது. அதுவும் வீண் இல்லை. தேடும்போது, ‘இந்தக் கணினிகளின் பதிவுகள் சேமிக்கப்படவே இல்லையே’ என்பது தெரியவரும். அந்த ஓட்டையை அடைக்கலாம். ஏதாவது கிடைத்தால், அதே தந்திரம் மறுமுறை வரும்போது தானாக மணி அடிக்கும்படி ஒரு விதி எழுதலாம்.

புதியவரின் கண்

‘இதெல்லாம் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் செய்யும் வேலை, பயிற்சிக்கு வரும் மாணவருக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பல நிறுவனங்களில் இது மூத்தவர்களின் பணிதான். வழக்கமானது எது என்று தெரியாமல் வழக்கத்திற்கு மாறானதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனாலும் இரண்டு கதைகளை நினைத்துப் பாருங்கள். 1986ஆம் ஆண்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 காசு இடித்தது. அதைப் பார்க்கச் சொன்னது, கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்த கிளிஃபர்ட் ஸ்டோல் என்பவரை. அவர் படித்தது விண்ணியல். ‘75 காசுதானே’ என்று அவர் விடவில்லை. பல மாதங்கள் துரத்தினார். ஆய்வுக்கூடத்தின் கணினி வழியாக அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த ஒருவர், அப்போதைய மேற்கு ஜெர்மனியில் பிடிபட்டார். திருடிய தகவல்கள் சோவியத் உளவுத்துறைக்கு விற்கப்பட்டிருந்தன.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், தமது கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அவர் பாதுகாப்பு நிபுணர் இல்லை. தரவுத்தள மென்பொருள் எழுதுபவர். காரணத்தைத் தோண்டியபோது, ‘எக்ஸ்ஸெட் யுட்டில்ஸ்’ என்ற இலவச மென்பொருளின் புதிய பதிப்பில் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பது தெரிந்தது. கண்டுபிடிக்காமல் விட்டிருந்தால், அது உலகெங்கும் எண்ணற்ற லினக்ஸ் கணினிகளுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.

இருவரிடமும் இருந்தது ஒரே குணம். சின்ன முரண்பாட்டைக் கண்டால் தூக்கம் வராது. அந்தக் குணத்திற்குப் பட்டயம் தேவையில்லை. பழகிப்போன மூத்தவர்கள் ‘அது எப்போதும் அப்படித்தான்’ என்று கடந்துபோவதை, புதிதாக வந்தவர் ‘ஏன் அப்படி?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரு நிறுவனம் இடம் கொடுக்கும் என்றால், பயிற்சி மாணவரால் அதற்குப் பயன் உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இந்த வேலை நிலைக்குமா என்றும் கேட்பீர்கள். எச்சரிக்கை மணிகளைப் பிரித்து அடுக்கும் அன்றாட வேலையில் கணிசமான பகுதியை இயந்திரங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதனால்தான், திரையைப் பார்த்துப் பொத்தானை அழுத்தும் பயிற்சி மட்டும் போதாது என்கிறேன். கருதுகோள் அமைக்கவும், கணக்குப் பிரிவு ஊழியரிடம் போய் ‘நேற்று இரவு நீங்கள் வேலை செய்தீர்களா?’ என்று மரியாதையாகக் கேட்கவும், கண்டதைத் தெளிவாக எழுதவும் கற்றவருக்கு வேலை இருக்கும்.

நல்ல பயிற்சியை எப்படி அடையாளம் காண்பது?

பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் இணையப் பாதுகாப்புப் பட்டயப் படிப்புகளில் வேலைப் பயிற்சியும் ஒரு பகுதி. நீங்கள் அந்த இடத்திற்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். வரும்போது நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். நேர்காணலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். என்னோடு உட்கார்ந்து வழிகாட்டப் போகிறவர் யார்? முடிந்துபோன பழைய சம்பவங்களின் பதிவுகளை வைத்துப் பழக முடியுமா? சந்தேகப்படும்படி ஏதாவது கண்டால் நான் யாரிடம், எவ்வளவு நேரத்திற்குள் சொல்ல வேண்டும்?

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், நீங்கள் கண்டுபிடிப்பது எதுவும் யாருக்கும் பயன்படாது. ‘தவறாக இருந்தாலும் பரவாயில்லை, உடனே சொல்’ என்று சொல்லும் மேலாளர் கிடைத்தால், சம்பளப் படி கொஞ்சம் குறைந்தாலும் அங்கே போங்கள். பத்து முறை சொல்லி ஒன்பது முறை ஒன்றுமில்லை என்று ஆகலாம். அதற்காக வெட்கப்பட்டு பத்தாவது முறை வாய் மூடிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஒரு கோட்டைத் தாண்டாதீர்கள்

இந்த ஆர்வம் சிலரைத் தவறான இடத்திற்கும் இழுத்துச் செல்கிறது. பள்ளியின் கட்டமைப்பில் ஓட்டை இருக்கிறதா என்று ‘சும்மா’ பார்ப்பது, நண்பனின் கணக்கைத் திறந்து காட்டுவது இரண்டுமே குற்றம். கணினி முறைகேட்டுச் சட்டத்தின்கீழ் அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால், முதல்முறை குற்றத்திற்கே 5,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நல்ல நோக்கம் என்று சொன்னாலும் அனுமதி இல்லை என்பது மாறாது. பிறருடைய தகவல்களை உங்களை நம்பி ஒப்படைக்கும் துறை இது. அந்த நம்பிக்கையை 15 வயதில் இழந்துவிட்டால், 20 வயதில் கேட்டுப் பெறுவது கடினம்.

அனுமதியோடு பழக நிறைய இடங்கள் இருக்கின்றன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘பிக்கோசிடிஎஃப்’ மாணவர்களுக்கான இலவசப் போட்டித்தளம். ‘ஓவர் த வயர்’ தளத்தின் ‘பேண்டிட்’ விளையாட்டு, லினக்ஸ் கட்டளைகளைப் படிப்படியாகக் கற்றுத்தரும். ‘வயர்ஷார்க்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, உங்கள் சொந்தக் கணினி யாரோடெல்லாம் பேசுகிறது என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். தாக்குபவர்களின் உத்திகளைப் பட்டியலிடும் ‘மைட்டர் அட்டாக்’ தொகுப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். இணையப் பாதுகாப்பு அமைப்பும் இளையர்களுக்கெனப் பயிற்சித் திட்டங்களை நடத்துகிறது. உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

இவற்றோடு ஒரு குறிப்பேடும் வைத்துக்கொள்ளுங்கள். எதை எதிர்பார்த்தேன், எதைக் கண்டேன், அடுத்து என்ன செய்தேன் என்று நாள் குறித்து எழுதுங்கள். பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் வரிசையைவிட அந்தக் குறிப்பேடு உங்களைப் பற்றி அதிகம் சொல்லும்.

2025 ஜூலை 18ஆம் தேதி, ‘யுஎன்சி3886’ என்ற குழு சிங்கப்பூரின் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்கிக்கொண்டிருப்பதாக அமைச்சர் திரு கா. சண்முகம் அறிவித்தார். ஓசையில்லாமல் நுழைந்து நெடுநாள் தங்குவதில் கைதேர்ந்த குழு அது. மின்சாரம், தண்ணீர், மருத்துவமனை, தொலைத்தொடர்பு போன்ற சேவைகளை நம்பித்தான் நம் அன்றாடம் ஓடுகிறது. அவற்றைக் காப்பவர்களின் வரிசையில் இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் நிற்கலாம்.

அந்த நாளுக்கான பயிற்சியை இப்போதே தொடங்க முடியும். குழு வேலையில் ஒரு கணக்கு இடிக்கிறதா, ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவு பொருந்தவில்லையா, பாட்டிக்கு வந்த குறுஞ்செய்தியில் ஏதோ உறுத்துகிறதா? நீங்கள்தான் அங்கே வயதில் சிறியவர் என்றாலும், ‘இது சரியில்லைபோல் தெரிகிறது, பார்க்கலாமா?’ என்று கேளுங்கள்.