குற்றவாளி யார்?

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குப் போயிருந்தோம். வீட்டுக்கு வரும் இண்டர்நெட் நினைத்தால் வருவதும் நினைத்தால் மறைவதுமாக இருப்பது பற்றி அங்கே பெரிய விவாதம் நடந்து கொண்டிருந்தது. நண்பர் கம்பெனிக்காரனைத் தூற்றினார். அவருடைய மனைவியார், "இரவெல்லாம் இவன் சினிமா பார்த்தால் வேகம் எங்கே மிஞ்சும்?" என்று மூத்த பையனைக் குற்றஞ் சாட்டினார். பையனோ புது ரௌட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். விசாரணை இல்லாமலே மூன்று தீர்ப்புகள்!

இப்படித் தீர்ப்புச் சொல்லும் குற்றத்தை நாமும் செய்திருக்கிறோம். 2020-ம் ஆண்டு பள்ளிகள் மூடிக் கிடந்தபோது திரை வழியாகப் பாடம் நடத்தினோம். ஒரு மாணவி கேள்வி கேட்கும் போதெல்லாம் மௌனமாயிருப்பாள். கவனமில்லாத பெண் என்று எண்ணிக் கடிந்தும் கொண்டோம். அவள் வீட்டு இணைப்பு பாட நேரத்தில் பலமுறை அறுந்து போனது வெகு நாட்களுக்குப் பிறகே நமக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நமக்குச் சற்றுச் சிரத்தை அதிகம்.

நேயர்கள் முதலில் அறிய வேண்டியது, பாதை ஒன்றல்ல, இரண்டு என்பதே. கையிலுள்ள போனிலிருந்து ரௌட்டர் வரை காற்று வழி, அதுதான் வைஃபை. ரௌட்டரிலிருந்து கம்பெனி வரை கம்பி வழி. எந்த வழியில் பள்ளம் இருக்கிறதென்று பாராமல் புகார் செய்வதில் பயனில்லை.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். கம்ப்யூட்டரை ஒரு கம்பியால் நேரே ரௌட்டருடன் இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். பிறகு கம்பியை எடுத்துவிட்டு அளக்க வேண்டும். நண்பர் வீட்டில் கம்பி வழியே 96 மெகாபிட் வந்தது. படுக்கையறையில் 11 தான் வந்தது. ரௌட்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்கள்! இரும்பும் கண்ணாடியும் கான்கிரீட் சுவரும் வைஃபைக்குப் பகை. மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் குழப்பும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் சக்தி குறைவு. ரௌட்டரைக் கூடத்தில் உயரமான அலமாரி மீது வைத்தவுடன் படுக்கையறையிலும் 60-க்கு மேல் வந்தது.

நண்பருக்கு இன்னொரு மனக்குறை. "நூறு என்று பணம் வாங்குகிறான், கோப்பு இறங்கும்போது பன்னிரண்டுதான் காட்டுகிறதே?" என்றார். விற்பது மெகாபிட், திரையில் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். நூறுக்குப் பன்னிரண்டரை என்பது சரியான கணக்கே.

நிற்க. வேகம் சரியானாலும் துண்டிப்பு நிற்கவில்லை. இதற்கு 'பிங்' என்ற சோதனை உண்டு. ரௌட்டரின் விலாசத்துக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), வெளியுலக விலாசமாகிய 8.8.8.8-க்கும் இடைவிடாமல் குரல் கொடுக்கச் செய்ய வேண்டும். ரௌட்டரே பதில் சொல்லத் திணறினால் கோளாறு வீட்டுக்குள். அது உடனே பதில் சொல்லி, வெளியிலிருந்து பதில் வராவிட்டால் கோளாறு ரௌட்டருக்கு அப்பால். நண்பர் வீட்டில் இரண்டாவதே நடந்தது. ஒரு வாரம் நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னோம். துண்டிப்பெல்லாம் மாலை ஆறு மணிக்குப் பிறகு. அப்போதெல்லாம் பெட்டியில் 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு மின்னியது. ஒளி வந்து சேரவில்லை என்பது அதன் பொருள்.

இக்காலத்துக் கம்பி என்பது கண்ணாடி இழை. அதற்குள் ஒளியை வளைத்துச் செலுத்தலாம் என்று 1954-ல் லண்டனிலிருந்து எழுதிய இருவரில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 2009-ல் இத்துறைக்கு நோபல் பரிசு கொடுத்தவர்கள் அவரை மறந்தார்கள். நம் சர்க்காரும் அவர் காலமான பிறகு, 2021-ல்தான் பத்ம விபூஷண் அளித்தது. அது வேறு கதை. ஒளி வளைந்து போகும் என்றாலும், இழையை ஒடித்து மடக்கினால் வெளியே கசிந்துவிடும். நண்பர் வீட்டில் அந்த இழை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மாலையானதும் கொசுவுக்கு அஞ்சி ஜன்னலை இறுக மூடுவது அம்மையாரின் வழக்கம்!

சிவப்பு விளக்கு எரியாமல், கம்பி வழி அளந்தும் மாலையில் மட்டும் வேகம் சரிந்தால், அப்போது கம்பெனியைக் கேட்கலாம். ஒரே இழையின் சுமார் 2.5 கிகாபிட்டை 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக் கொள்ளும் ஏற்பாடு சாதாரணம். சர்க்கார் 2023-ல் விதித்த குறைந்த அளவு வெறும் 2 மெகாபிட். அதைக் காட்டி நம் வாயை அடைக்க இடங்கொடுக்கலாகாது. நாள், மணி, அளவு மூன்றையும் எழுதிக் கொடுத்து, புகார் எண்ணைத் தவறாமல் வாங்க வேண்டும். பரிகாரம் கிடைக்காவிட்டால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். 2012-ம் ஆண்டு விதிகளின்படி அதற்குக் கட்டணமில்லை.

நண்பர் வீட்டில் அதற்கு அவசியம் நேரவில்லை. சுவரில் சிறு துளையிட்டுப் புது இழை போட்டதும் துண்டிப்பு நின்றது. பையன் இரவில் சினிமா பார்ப்பது பற்றி மட்டும் தாயாரின் அபிப்பிராயம் இன்னும் மாறவில்லை.