எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிகள்! ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே பதுங்கி இருக்கும் ஆபத்து

ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்தும் சாகாத கிருமிகள் உலகம் முழுவதும் ஆஸ்பத்திரிகளில் பரவி வருகின்றன. 2019-ம் ஆண்டில் மட்டும் இவை 12 லட்சத்து 70 ஆயிரம் பேரின் உயிரைக் குடித்ததாக ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு இருக்கிறார்கள்.

இது ஏதோ பட்டணத்து சமாசாரம், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

"நாலு மாத்திரை கொடுங்க"

ஜமுனாமரத்தூரில் சாதாரண காய்ச்சலுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போதும். பெரிய ஆபரேஷன், செயற்கை சுவாசம் என்றால் மலையை விட்டு இறங்க வேண்டும். வேலூர் அல்லது திருவண்ணாமலை. அதிலும் தீராவிட்டால் சென்னை.

சாமைக் காட்டு வேலையை விட்டு, ஒரு நாள் கூலியையும் விட்டு, சளிக்காக டாக்டரைத் தேடிப்போக யாருக்கு மனசு வரும்? மலை என்று இல்லை. அடிவாரத்திலும் சென்னை நகரத்திலும் இதே கதைதான்.

"அண்ணே, காய்ச்சலுக்கு நாலு மாத்திரை கொடுங்க."

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"போன தடவை கொடுத்தீங்களே, அதே மாத்திரைதான். கொடுங்கண்ணே."

மாத்திரை கை மாறுகிறது. இரண்டே நாளில் காய்ச்சல் விட்டுவிடுகிறது. "நல்ல மாத்திரை" என்று பெயரும் வாங்கிவிடுகிறது. மிச்சம் இருக்கும் மாத்திரை டப்பாவுக்குள் போகிறது.

உண்மையில் காய்ச்சலை விரட்டியது மாத்திரை அல்ல. ஜலதோஷம், ப்ளூ காய்ச்சல் எல்லாம் வைரசால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரசை ஒன்றும் செய்யாது. பெரும்பாலும் அது தானாகவே போய்விடும்.

ஆனால் வயிற்றில் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் அந்த மருந்தைப் பார்த்துவிடுகின்றன. பலம் இல்லாதவை சாகின்றன. மருந்தைத் தாங்கியவை பிழைத்துப் பெருகுகின்றன. இதே ஆள் நாளைக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தால், அந்தக் கிருமியும் கூடவே போய்ப் படுக்கும்.

கள்ளச்சாவி

ஆஸ்பத்திரிதான் இந்தக் கிருமிகளுக்குத் தோதான இடம். நோயாளிகள் பலம் இழந்து கிடப்பார்கள். சிறுநீர்க் குழாய், சுவாசக் குழாய் என்று உடம்புக்குள் நுழைய வழி இருக்கும். ஒரு கட்டிலில் இருந்து அடுத்த கட்டிலுக்குக் கிருமியைக் கொண்டுபோவது பெரும்பாலும் கழுவாத கைதான்.

இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. பூட்டைத் திறக்கும் கள்ளச்சாவியை ஒரு திருடன் நகல் எடுத்து மற்ற திருடர்களுக்குக் கொடுத்தால் எப்படி இருக்கும்? மருந்தை முறிக்கும் வித்தையை ஒரு கிருமி அடுத்த கிருமிக்கு அப்படியே கொடுத்துவிடுகிறது. வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்கிறது!

அப்படி ஒரு சாவிதான் "என்.டி.எம்.1". டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒரு சுவீடன் நாட்டு நோயாளியிடம் 2008-ம் ஆண்டில் இது பிடிபட்டது. 2010-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கியது. சென்னையில் சேகரித்த கிருமிகளில் 44-ல் இந்தச் சாவி இருந்தது. இங்கிலாந்தில் 37-ல் இருந்தது.

கிருமிக்கு டெல்லி பெயரை வைப்பதா என்று அப்போது மத்திய அரசு கோபப்பட்டது. பெயர்ச் சண்டை ஓய்ந்துவிட்டது. கிருமி ஓயவில்லை.

கடைசி ஆயுதம்

மற்ற மருந்துகள் கைவிட்டால் டாக்டர்கள் எடுப்பது "கார்பபெனம்" வகை ஊசி. "அசினெட்டோபாக்டர்" என்ற ஆஸ்பத்திரிக் கிருமியில் 100-க்கு சுமார் 90 இந்த ஊசிக்கும் அடங்குவது இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2023-ம் ஆண்டு கணக்கு காட்டுகிறது. பெரிய ஆஸ்பத்திரிகளில் எடுத்த கணக்கு இது.

அதற்கும் அப்பால் இருப்பது "கொலிஸ்டின்". சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று ஒருகாலத்தில் ஓரம்கட்டிய பழைய மருந்து. வேறு வழி இல்லாமல் திரும்ப எடுத்தார்கள். கால்நடை, கோழித் தீவனத்திலும் இதைக் கலந்ததால், 2019-ம் ஆண்டு மத்திய அரசு அதற்குத் தடை போட்டது.

சட்டம் இருக்கிறது

மருத்துவச் சங்கங்கள் 2012-ம் ஆண்டு சென்னையில் கூடி "சென்னைப் பிரகடனம்" வெளியிட்டன. ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று வற்புறுத்தின. 2014 மார்ச் 1-ந் தேதி முதல் 46 மருந்துகளுக்குத் தனிக் கட்டுப்பாடு வந்தது. அவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை 3 ஆண்டுகள் வைத்து இருக்க வேண்டும்.

ஆனால் கடைக்காரரை மட்டும் பிடித்தால் காரியம் நடக்குமா? சீட்டு கேட்பது சரி. சீட்டு எழுதும் டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டாமா? மலைக் கிராமத்துக்கு டாக்டரும் பரிசோதனைக் கூடமும் வந்தால்தான் சட்டம் மலை ஏறும். பெரிய ஆஸ்பத்திரிகளில் கை கழுவத் தண்ணீரும், வார்டில் போதிய நர்சுகளும் இருந்தால்தான் கட்டில் விட்டுக் கட்டில் தாவும் கிருமி நிற்கும்.

புது மருந்து வராதா?

வந்து இருக்கிறது. சென்னை ஆர்க்கிட் பார்மா கம்பெனியில் கண்டுபிடித்த "என்மெட்டாசோபாக்டம்" சேர்ந்த மருந்துக்கு 2024 பிப்ரவரியில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் எல்லாக் கிருமிக்கும் அது மருந்து அல்ல. என்.டி.எம். சாவி வைத்து இருக்கும் கிருமியிடம் அது எடுபடாது.

ஒரு புது மருந்து வரப் பல ஆண்டுகள் ஆகும். கிருமி 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இப்படியே போனால் 2025 முதல் 2050 வரை உலகில் 3 கோடியே 90 லட்சம் பேர் சாவார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் எச்சரித்து இருக்கிறார்கள்.

ஆகவே மாத்திரை அட்டையின் பின்பக்கம் சிவப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள். அவர் சொன்ன அளவை, சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். மிச்ச மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானம் செய்யாதீர்கள். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள் வாங்கிப் போகிறீர்களோ இல்லையோ, உள்ளே நுழையும் முன்பும் வெளியே வந்த பிறகும் கையைக் கழுவுங்கள்.