டிவி பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பலாமா?



எங்க வீட்டில் ஒரு சண்டை. சித்தப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது. "சும்மாதான இருக்கப் போறோம், 43 இஞ்ச் 4கே டிவி தவணைல எடுத்துருவோம்" என்றார். "வருமானம் இல்லாத ரெண்டு மாசத்துல தவணையா?" என்று சித்தி கேட்டாள். நான் சித்தி கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

டிவி படம் என்பது புள்ளிகள். வலைக்கண் மாதிரிதான். கண் பொடிசாக இருந்தால் பொடி மீனும் சிக்கும். 2006-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச கலர் டிவி ஞாபகம் இருக்கிறதா? எங்க ஆச்சி வீட்டிலும் ஒன்று உண்டு. அதில் வரும் படத்துக்கு மேலிருந்து கீழாக 576 கோடுகள். எச்.டி. ரெடி என்றால் குறைந்தது 720. ஃபுல் எச்.டி. என்றால் 1080. இதுவரை எண்ணியது உயரத்தை. 4கே வந்ததும் அகலத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்! கடையில் விற்கும் 4கே டிவி 3840 அகலம், 2160 உயரம். நாலாயிரம்கூட இல்லை. சினிமாக்காரர்களின் 4கேதான் 4096. ஆனாலும் மொத்தப் புள்ளி ஃபுல் எச்.டி.யைப் போல நாலு மடங்கு, 82,94,400. அதை நான் மறுக்கவில்லை.

"தியேட்டர்லயே பல இடத்துல 2கேதான், நம்ம வீட்டுல 4கே" என்பது சித்தப்பாவின் வாதம். 2கே என்பது 2048-க்கு 1080. ஃபுல் எச்.டி.யைவிட அகலத்தில் 128 புள்ளிதான் கூடுதல். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து 2005-ல் வகுத்த அளவு இது. (கமல் டிஜிட்டல் கேமராவில் எடுத்த 'மும்பை எக்ஸ்பிரஸ்' வந்ததும் அதே வருஷம்தான்.) அப்படியென்றால் தியேட்டர் படம் ஏன் அவ்வளவு தெளிவு? அங்கே நொடிக்கு 250 மெகாபிட் வரை தகவல் வரலாம். எங்க வீட்டு சாதா கேபிள் பாக்ஸில் வருவது அதே பழைய 576 கோடு. அதை 4கே டிவி இழுத்துப் பெரிசாக்கிக் காட்டும், அவ்வளவுதான். பொடிக்கண் வலை இருக்கு, கடல்ல மீன் இல்லையே!

இன்னொன்று, தூரம். 43 இஞ்ச் டிவியை ஆறு அடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால் 1080-க்கும் 2160-க்கும் உள்ள வித்தியாசத்தைச் சாதாரணக் கண்ணால் பிரிக்க முடியாது. டேப் வைத்து அளந்தேன். சுவரிலிருந்து எங்க பாய் ஒன்பது அடி.

கிட்ட உட்கார்ந்து கேம் விளையாடுகிறவர்கள், நெட்டில் 4கே படமே பார்க்கிறவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் அட்டைப்பெட்டி எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்து வீட்டில் ஃபுல் எச்.டி. என்று சொல்லி விற்ற 32 இஞ்ச் டிவியின் விவரத்தாளில் 1366-க்கு 768 என்று இருந்தது. அகலம், உயரம் ரெண்டையும் கேட்டு வாங்குங்கள்.

சித்தப்பா தவணைப் பேப்பரை இன்னும் கிழிக்கவில்லை. கேபிள்காரரிடம் எச்.டி. பாக்ஸ் என்ன விலை என்று மட்டும் விசாரித்திருக்கிறார்.

– 10-ஆம் வகுப்பு மாணவி, திரேஸ்புரம்