விடியற்காலைத் தண்ணீரை அளந்து பாருங்கள்

பழவேற்காடு முகத்துவாரம் மணல் மூடிக்கொள்ளும்போதெல்லாம் பேச்சு படகைச் சுற்றியே நடக்கிறது. கடலுக்குப் போக வழியில்லை, மண்ணை வெட்டிவிடுங்கள் என்று கோட்டைக்குப்பத்து மீனவர்கள் கேட்கிறார்கள். அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள், தூர்வாருகிறார்கள், மணல் திரும்பவும் வந்து சேர்கிறது. படகுக்கு வழி கேட்பது நியாயம். ஆனால் அதே வாய் வழியாக ஏரிக்குள் வரும் இன்னொன்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். அது ஆக்சிஜன்.

கோடையில் ஏரித் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும்போது, கடலளவு உப்புள்ள ஒரு லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராம் சொச்சம். ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது. சூடும் உப்பும் ஏற ஏற அந்த ஆறும் குறையும். முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் புதுக் கடல்நீர் வராது. உள்ளே இருப்பது ஆவியாகி உப்புக் கரிக்கும். தேங்கிய நீரில் ஆக்சிஜன் தானாக அடிவரை இறங்கும் என்றும் நம்ப முடியாது. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. காற்றும் அலையும் ஏற்றவற்றமும் கலக்கிவிட வேண்டும்.

சந்தையில் கயிறு கட்டி வைத்திருக்கும் சேற்று நண்டைக் கவனித்தவர்களுக்கு அதன் வாயோர நுரை தெரியும். செவுள் அறையில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் காற்றோடு கலந்து அது சுற்றவிடுவதால் வரும் நுரை அது. செவுள் ஈரமாக இருக்கும்வரை நண்டு பிழைத்துக் கிடக்கும். தண்ணீருக்குள் இருக்கையில் செவுள் அறையின் வாசலில் ஒரு சிறு தகடு ஓயாமல் அசைந்து நீரை ஓட்டுகிறது. இறாலுக்கும் இதே ஏற்பாடுதான். செவுளின் மெல்லிய தோலைத் தாண்டிய ஆக்சிஜன், செம்பு உள்ள ஹீமோசயனின் என்ற புரதத்தில் ஏறி, நீலம் பூத்த இரத்தத்தோடு உடலெங்கும் போகிறது. மீனுக்கும் மனிதருக்கும் அந்த வேலையை இரும்பு உள்ள ஹீமோகுளோபின் செய்கிறது.

இரத்தம் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் விஷயமே இருக்கிறது. ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளச் செல்லின் சவ்வில் பம்பு எதுவும் கிடையாது. சோடியத்துக்கு உண்டு, கால்சியத்துக்கு உண்டு, இதற்கு இல்லை. வெளியே அதிகம், உள்ளே குறைவு என்ற வித்தியாசம் மட்டுமே அதை நகர்த்துகிறது. உள்ளே மைட்டோகாண்ட்ரியா அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது. உணவிலிருந்து வந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு ஆக்சிஜன் அங்கே தண்ணீராகிறது. அது இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் சுமார் 30 கிடைக்கும், இல்லாவிட்டால் 2தான். ஆக்சிஜன் குறைவதைச் செல் உணர்ந்துகொள்ளும். அது எப்படி என்று கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமன்சா மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உணர்ந்தாலும், வெளியே இல்லாததை வரவழைக்கச் செல்லுக்கு வழி கிடையாது. ஏரியில் அளவு இறங்கினால் இறாலின் கடைசிச் செல்வரை இறங்கும்.

செடிகளுக்கும் இதே விதிதான். ஆக்சிஜன் தருபவை என்று பெயர் வாங்கிய அவை, இரவில் அதை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கின்றன. ஏரிப் பாசியும் அப்படியே. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மூச்சுத் திணறும் மீன் மேலே வந்து வாய் பிளப்பது அந்த நேரத்தில்தான். இறால் பண்ணைக்காரர்கள் ராத்திரியெல்லாம் ஏரேட்டர் ஓடவிடுவதும் இதற்காகத்தான். பழவேற்காடு ஏரிக்கு ஏரேட்டர் அந்த முகத்துவாரம்.

ஏரியோரம் எஞ்சியிருக்கும் வெண்கண்டல் என்ற அலையாத்தி மரங்கள் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அவை நிற்கும் சேற்றில் சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இராது; தோண்டினால் கறுத்த மண்ணும் அழுகிய முட்டை வாடையும்தான். எனவே வேரிலிருந்து மூச்சுவேர்கள் நிமிர்ந்து வெளியே வருகின்றன. ஒன்றை ஒடித்து விரலால் அழுத்தினால் அமுங்கும், அவ்வளவும் காற்றறைகள். தோலிலுள்ள நுண்துளைகள் வழியே நுழையும் காற்று இந்த அறைகள் வழியாகப் புதைந்த வேர்வரை போகிறது. நீர் ஏறி மூச்சுவேர் மூழ்கியதும் உள்ளே ஆக்சிஜன் செலவாகி அழுத்தம் குறைகிறது. வற்றம் வந்ததும் புதுக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஷோலாண்டரும் அவரது குழுவினரும் 1955இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து காட்டியது. செல்லுக்கு இல்லாத பம்பை இந்த மரத்துக்குக் கடல் தருகிறது. முகத்துவாரம் மூடி, தண்ணீர் வாரக்கணக்கில் மூச்சுவேரை மூடி நின்றால் மரம் பிழைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, அலையாத்தி வேர்களில் படிந்த கறுப்பை எல்லோரும் படத்தில் பார்த்தோம். அழகு கெட்டதே என்று பலர் வருந்தினார்கள். அடைபட்டவை அந்த நுண்துளைகள்.

அலையாத்திக் கன்று நடுவது இப்போது எல்லா ஊர்களிலும் விழாவாக நடக்கிறது. நீரோட்டம் இல்லாத இடத்தில் கன்று நடுவது அந்தக் கன்றுக்குச் செய்யும் அநியாயம். பிச்சாவரத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் முதலில் வாய்க்கால் வெட்டி, தேங்கிய இடங்களுக்குக் கடல்நீர் போய்வரச் செய்தது. அதன் பிறகே காடு திரும்பியது. பழவேற்காட்டிலும் அந்த வரிசைதான் சரி.

எப்போது தூர்வாருவது என்பதைப் போராட்டமும் மனுவும் தீர்மானிக்கும் நிலை மாற வேண்டும். கையடக்க மீட்டரால் தினமும் விடியலுக்கு முன் நாலைந்து இடங்களில் ஆக்சிஜனை அளந்து, இறங்குதுறைப் பலகையில் எழுதிப் போடலாம். முகத்துவாரத்தை ஒட்டிய இறால் இடங்களைப் பாடு முறையில் பங்கிட்டுக்கொள்ளும் ஊர்களில் கோட்டைக்குப்பமும் ஒன்று. எந்த நாளில் யாருடைய சுத்துவலை எங்கே என்பதை முறைவைத்துக் காத்த ஊருக்கு, ஒரு மீட்டரைப் படிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு காலைப்பொழுது போதும். அந்தப் பொறுப்பை அவர்களிடமே கூலியோடு கொடுக்கலாம். லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே சில நாட்கள் தொடர்ந்து இறங்கினால் எந்திரம் முகத்துவாரத்துக்கு வந்தாக வேண்டும் என்று மீன்வளத் துறை எழுத்தில் உத்தரவிட வேண்டும்.