தரவு யாருடையது?

பார்சிலோனாவின் பிளாசா தெல் சோல் சதுக்கத்தில் இரவு இரைச்சல் தாங்காத குடியிருப்பாளர்கள், பால்கனிகளில் சென்சார் பொருத்தி ஒலியளவைத் தாங்களே பதிவுசெய்தார்கள். மாநகராட்சியிடம் வாதாடச் சான்று கிடைத்தது. ஆனால், அதே பதிவு வீட்டில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதையும் காட்டிக்கொடுக்கக்கூடும். 2017இல் ஐரோப்பிய ஒன்றிய நிதியுடன் தொடங்கிய ‘டீகோட்’ திட்டம் இதற்குத்தான் வழி தேடியது. தரவு குறியாக்கம் செய்யப்படும்; எதை, யாரோடு, எவ்வளவு நுணுக்கமாகப் பகிர்வது என்பதை வீட்டுக்காரரே முடிவுசெய்வார். ஆம்ஸ்டர்டாமும் இதில் பங்கேற்றது.

டொராண்டோ போனது வேறு பாதை. கூகுளின் சகோதர நிறுவனமான சைட்வாக் லேப்ஸ் அங்கே திட்டமிட்ட குடியிருப்புப் பகுதியில், அடையாளம் நீக்கப்படாத தரவு மற்ற நிறுவனங்களின் கைக்குப் போகலாம் என்றறிந்து, ஆலோசகர் ஆன் கவூக்கியன் 2018இல் விலகினார். 2020இல் திட்டமே கைவிடப்பட்டது.

மென்பொருளைவிட ஒப்பந்தமே முக்கியம் என்பது நம் கருத்து. சேவை நிறுவனங்கள் திரட்டும் தரவை நகரத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று பார்சிலோனா தன் ஒப்பந்தங்களிலேயே எழுதியது. ஸ்மார்ட் சிட்டி என்று பெயர் சூட்டிக்கொள்ளும் ஒவ்வொரு மாநகராட்சியும் அடுத்த டெண்டரிலேயே இந்த விதியைச் சேர்க்க வேண்டும். கேமரா, மீட்டர், பயண அட்டை எதற்கும் விலக்கு கூடாது.