ஃபார்மட் என்னும் சோம்பல்

மதர்போர்டு பழுதாகி மாற்றப்பட்டால் இயங்குதளத்தையும் அழித்து மறுபடி நிறுவியே தீர வேண்டும் என்பது நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படாத விதியாகிவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தக்காரர் அனுப்பும் ஊழியர் அதைச் சொல்கிறார். கணினி மையப் பொறுப்பாளர் ஆமோதிக்கிறார். துறைத்தலைவர் கையெழுத்திடுகிறார். நான்காண்டு ஆய்வின் மென்பொருள் சூழல் அரை மணி நேரத்தில் துடைத்தெறியப்படுகிறது. இவ்விதிக்குத் தொழில்நுட்ப அடிப்படை இன்று ஏறத்தாழ இல்லை. அது நீடிப்பது சிலருடைய வசதிக்காகவே. கணினி அறிவியல் துறை நண்பர்கள் ‘இதுகூடவா தெரியாது’ என்று சிரிக்கலாம். தெரிந்தவர்கள் இத்தனை காலம் வாய் திறக்காதிருந்ததும் என் குற்றச்சாட்டின் ஒரு பகுதிதான்.

இயங்குதளம், நிறுவிய மென்பொருள்கள், அவற்றின் அமைப்புகள், நம் கோப்புகள் அனைத்தும் வன்தட்டிலோ எஸ்எஸ்டியிலோ உள்ளன. மதர்போர்டோடு போவன வேறு: ஃபர்ம்வேர், அதன் நினைவகத்தில் எழுதப்பட்ட துவக்கப் பட்டியல், டிபிஎம் காத்துவந்த மறையீட்டுத் திறவுகோல், பலகையிலேயே பதிந்த வலையட்டையின் மேக் முகவரி. இவற்றுள் ஒன்றைக்கூட ஃபார்மட் திருப்பித் தராது. நோய் ஒரிடத்தில், அறுவை வேறிடத்தில்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழுந்ததன்று. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. வன்தட்டை ஆளும் சில்லுக்குரிய டிரைவரை, நிறுவும் நாளிலேயே துவக்கப் பட்டியலில் எக்ஸ்பி எழுதிவைத்துக்கொள்ளும். வேறு சிப்செட் கொண்ட பலகையில் அதே வட்டை மாட்டினால், கெர்னல் எழுந்ததும் தன் வட்டையே காணாமல் நீலத்திரையில் 7பி என்னும் பிழையோடு நின்றுவிடும். விண்டோஸ் 7க்கும் இது ஓரளவு பொருந்தும். அப்போதும் தீர்வு ஃபார்மட் அன்று. ரெஜிஸ்ட்ரியில் ஏஎச்சிஐ டிரைவரின் தொடக்க மதிப்பைச் சுழியமாக்கினால் பெரும்பாலும் போதும். வேறொரு துவக்க வட்டின் வழியாக வெளியிலிருந்தே அதைச் செய்யலாம். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது, யுஎஸ்பி வட்டில் ஒரு முழு விண்டோஸை வைத்துக் கணினிக்குக் கணினி எடுத்துச் செல்லும் ‘விண்டோஸ் டு கோ’ வசதியை மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வழங்கியது. காலையில் ஒரு மதர்போர்டில், மாலையில் வேறொன்றில் துவங்கவே அது உருவாக்கப்பட்டது. உருவாக்கியவரே முடியும் என்று காட்டியதை நம் கணினி மையங்கள் இன்னும் முடியாது என்கின்றன.

லினக்ஸில் சிக்கல் இன்னும் குறைவு. ஆனால் நுணுக்கம் உண்டு. டெபியனும் உபுண்டுவும் துவக்கப் படிமத்தில் பெரும்பாலான டிரைவர்களை இயல்பாகவே சேர்த்துவைக்கின்றன. புதிய பலகையில் அப்படியே எழும். ஃபெடோரா மரபினவை அந்தந்தக் கணினிக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துச் சிறிய படிமம் கட்டும். அதனால் முதல் துவக்கம் தடுமாறலாம். அப்போது துவக்கப் பட்டியலின் அடியில் ‘ரெஸ்க்யூ’ என்றிருக்கும் பதிவைத் தேர்ந்து எழுப்பிப் படிமத்தை மறுபடி கட்டினால் முடிந்தது. வலையட்டையின் பெயர் மாறும். நிலையான ஐபி முகவரி எழுதிவைத்தவர்கள் அந்தக் கோப்பைத் திருத்த வேண்டும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா டிரைவருக்காக நாம் பதிந்த திறவுகோல் பழைய பலகையோடு போயிருக்கும். ஜிபியு வேலை செய்யவில்லை என்று பதறாமல் மறுபடி பதிய வேண்டும். இவை எல்லாம் ஒரு பிற்பகல் வேலைகூட இல்லை.

விண்டோஸில் கவனிக்க வேண்டியவையும் எண்ணிக்கையில் சிலவே. பல நிறுவனக் கணினிகள் வட்டுக் கட்டுப்பாட்டை ரெய்டு முறையில் அமைத்தே வருகின்றன. புதிய பலகை ஏஎச்சிஐ முறையில் இருக்கும். பயாஸுக்குள் சென்று பழைய முறையையே வைத்தால் பெரும்பாலும் துவங்கிவிடும். அம்முறை புதிய பலகையில் இல்லாவிடில், மீட்புத் திரையின் வழியாக ஒருமுறை சேஃப் மோடில் எழுப்பினால் விண்டோஸ் தானே வேண்டிய டிரைவரைப் பற்றிக்கொள்ளும். பழைய எம்பிஆர் வட்டைப் புதிய யுஇஎஃப்ஐ பலகை ஏற்காவிட்டால், கோப்புகளை அழிக்காமலே ஜிபிடி முறைக்கு மாற்றும் கருவி 2017 முதல் விண்டோஸ் 10உடனேயே வருகிறது. பிட்லாக்கர் இயங்கினால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். எண் இருந்தால் உள்ளே போகலாம். இல்லாவிட்டால் தரவு போனது போனதுதான், ஃபார்மட் அதை மீட்டுத் தராது. (தம் மடிக்கணினி மறையீடு செய்யப்பட்டிருப்பதே தெரியாத ஆய்வாளர்கள் ஏராளம். இப்பதிவை மேலும் படிக்குமுன் உங்கள் மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.)

எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அடிக்கடி கேட்பது உரிம வாதம்: ‘மதர்போர்டு மாறினால் விண்டோஸ் உரிமம் செல்லாது, ஆகவே மறுபடி நிறுவ வேண்டும்.’ இதன் தர்க்கத்தைச் சற்று நிறுத்திப் பாருங்கள். கணினியோடு வந்த ஓஇஎம் உரிமம் பலகையோடு பிணைந்தது என்பது உண்மை. அப்படியானால் புதிதாக நிறுவினாலும் அதே பலகையில்தானே நிறுவப்போகிறீர்கள்? செயலாக்கச் சிக்கல் இரண்டு வழியிலும் ஒன்றே. மேலும், பழுதின் காரணமாகத் தயாரிப்பாளர் தரும் இணையான பலகைக்கு மாறுவதை மைக்ரோசாஃப்ட் புதிய கணினியாகக் கருதுவதில்லை. தனியாக வாங்கிய உரிமத்தையோ புதிய கணினிக்கே கொண்டுபோகலாம். மேக் முகவரியோடு பிணைந்த மேட்லேப் போன்ற மென்பொருள்களின் நிலையும் இதுவே: உரிமக் கோப்பை மாற்றி வாங்க வேண்டும், மென்பொருளை அழிக்க வேண்டியதில்லை.

அடுத்தது தூய்மை வாதம். பழைய டிரைவர்களின் எச்சம் தங்கிக் கணினியை மந்தமாக்கும் என்பர். பழைய சிப்செட்டின் துணை மென்பொருள்களை நீக்கினால் தீரும் அந்த எச்சத்துக்காக வீட்டையே இடிப்பது விந்தை.

மதிக்கத்தக்க எதிர்வாதம் ஒன்றுதான். ‘உங்கள் சூழலை மறுபடி கட்ட இயலாதென்றால் உங்கள் ஆய்வே மறுபடி செய்து பார்க்கத்தக்கதன்று, கன்டெய்னர் எங்கே, சூழல் கோப்பு எங்கே?’ என்று கணக்கீட்டுத் துறையினர் கேட்கக்கூடும். கொள்கையளவில் ஏற்கிறேன். ஆனால் மறுகட்டுமானம் ஆய்வாளர் தேர்ந்த நாளில், பழைய சூழலும் பக்கத்தில் உயிரோடு இருக்கையில், இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டுச் செய்ய வேண்டிய சோதனை. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதத்தில் ஒப்பந்த ஊழியரின் அவசரத்தால் நிகழ்வது சோதனை ஆகாது. கம்பைலரும் நூலகப் பதிப்பும் மாறினால் எண்களின் கடைசி இலக்கங்கள் மாறும்; ஒப்பிடப் பழைய சூழல் இல்லாதபோது மாற்றம் எதனால் வந்தது என்று யார் சொல்வது?

இதைவிடப் பெரிய இழப்பு கருவிக் கணினிகளில் நேர்கிறது. எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுமானி, வாயு நிறப்பகுப்பி, நுண்ணோக்கி போன்றவற்றோடு கட்டப்பட்ட கணினிகளில் பல இன்னும் எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7இலும் ஓடுகின்றன. அவற்றின் நிறுவல் குறுந்தட்டு தொலைந்திருக்கும். அளவுத்திருத்தக் கோப்புகள் எந்தக் கோப்புறையில் உள்ளன என்று அறிந்தவர் ஓய்வுபெற்றிருப்பார். அங்கே ஃபார்மட் என்பது கருவியையே முடக்குவது. எங்கள் ஆய்வகத்தில் அப்படியொரு கணினியின் பலகை எரிந்தபோது, வந்த ஒப்பந்த ஊழியர் கருவியின் கணினியையும் மென்பொருளையும் சேர்த்துப் புதிதாக வாங்கும்படி எழுதிக் கொடுத்தார். அதே சிப்செட் கொண்ட பழைய பலகை ஒன்றைச் சந்தையில் தேடி வாங்கிப் பொருத்தினோம். முதல் துவக்கத்திலேயே எழுந்தது. இங்கே நேர்மையாக ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும்: புதிய பலகைகளில் பழைய பிசிஐ துளை இராது, கருவியின் அட்டை மாட்ட இடமில்லாவிட்டால் எந்த மென்பொருள் சாமர்த்தியமும் உதவாது. ஆகவே இத்தகைய கணினிகளுக்கு உதிரிப் பலகை இன்றே வாங்கி வைக்க வேண்டும்.

டெல்லி நேரு பிளேஸிலும் பெங்களூரு எஸ்.பி. சாலையிலும் மும்பை லாமிங்டன் சாலையிலும் சிறு கடைக்காரர்கள் பலகையை மாற்றி, வட்டை அப்படியே மாட்டி, வாடிக்கையாளர் கண்முன்னே துவக்கிக் காட்டுகிறார்கள். கோப்பு போனால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார் என்பதால் அவர்களுக்கு அக்கறை. நம் ஒப்பந்தத்திலோ ‘கணினி இயங்கும் நிலையில் ஒப்படைக்கப்பட்டது’ என்ற ஒரு வரிக்கு மட்டுமே பணம். வெற்று விண்டோஸ் எழுந்துவிட்டால் அந்த வரி நிறைவேறிவிடுகிறது. அதனுள் யாருடைய ஆய்வு இருந்தது என்பது எந்தப் படிவத்திலும் இல்லை.

தீநிரல் புகுந்த வட்டு, அழிந்துகொண்டிருக்கும் வட்டு, 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொது ஆதரவு முடிந்த விண்டோஸ் 10ஐ விட்டு நகரும் முடிவு: இவற்றுக்கு மறுநிறுவல் நியாயமே. அதையும் முழு வட்டின் படிமத்தை குளோன்சில்லாவால் நகலெடுத்த பிறகே செய்ய வேண்டும்.

பல நிறுவனங்களில் பராமரிப்பு ஒப்பந்தங்கள் மார்ச் 31ஐ ஒட்டிப் புதுப்பிக்கப்படுகின்றன. ஒப்பந்தப்புள்ளி வரைவில் மூன்று வரிகளைச் சேர்க்கும்படி உங்கள் துறைக் கணினிக் குழுவுக்கு எழுதுங்கள்: பலகை மாற்றத்துக்கு முன் வட்டின் படிமம் எடுக்கப்படும்; பழைய வட்டிலிருந்தே துவக்க முயன்றதன் விவரம் எழுத்தில் தரப்படும்; பயனரின் கையொப்பமிட்ட ஒப்புதலின்றி எந்த வட்டும் அழிக்கப்படாது. இவற்றை ஏற்க மறுக்கும் ஒப்பந்தக்காரர் தம் காரணத்தையும் எழுத்திலேயே தரட்டும்.